அலியார் காக்காவுக்கு நான் எழுதிய இங்கிலீசு

இராக்காவல்காரனுக்குத் தூக்கத்தைத் துரத்த ஏதாவது வேண்டும். சிலருக்குச் சுருட்டு, சிலருக்கு வெற்றிலை, எனக்கு அட்டை கிழிந்த ஒரு இங்கிலீசு அகராதி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் நீர்ப்பாசனக் களஞ்சியத்துக்குக் காவல் இருந்தேன். அரசாங்கக் கந்தோரிலிருந்து இங்கிலீசுக் கடிதம் வந்தவர்கள், விடிந்து என் வேலை முடியும் நேரம் பார்த்துப் பதில் எழுதிக்கொள்ள வருவார்கள். முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே குற்றம்தான்: நெக்லெக்ட், கடமையைக் கவனியாமல் விட்டது. அப்படிக் கடிதம் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

மூன்று சொற்கள்

சம்மாந்துறைப் பக்கம் வாய்க்கால் துருசு, அதாவது மதகு, திறந்து அடைப்பவர் அலியார் காக்கா, ஊருக்கே அண்ணன் முறை. ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடைக்க வேண்டிய துருசை அவர் அடைக்கவில்லை. புதிதாக விதைத்த வயல் ஒன்று விடியுமுன் தண்ணீரோடு போயிற்று. மேற்பார்வை பார்க்கும் ஓவசியர் மேலிடத்துக்கு எழுதிப்போட, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதோடு அவர் என்னிடம் வந்தார்.

நான் அகராதியை விரித்துப் பாடம் நடத்தினேன். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் நெக்லெக்ட். செய்கிறதில் கவனம் போதாவிட்டால் நெக்லிஜென்ஸ். கண்ணுக்குத் தப்பிப் போனால் ஓவர்சைட். கேட்கவே சாதுவான சொல். "அண்டைக்கு என்ன நடந்தது எண்டா தம்பி..." என்று அவர் தொடங்கியதை நான் கையமர்த்தினேன். "அதெல்லாம் வேணாம் காக்கா. மறந்துட்டன் எண்டு எழுதுவம், ஓவர்சைட்" என்றேன். கைநாட்டு வைத்துவிட்டு அவர் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறக்கல்ல தம்பி. தெரிஞ்சிதான் உட்டுட்டுப் போன. நோன்பு நாளையில பொய் எழுதிட்டியே."

"எழுதினது எழுதினதுதான் காக்கா" என்று கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன்.

வீட்டில்

அன்று காலை என் கெட்டித்தனத்தை மனைவியிடம் அளந்தேன். அவள் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூன்று சொல்லையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அடுப்பை ஊதுவதை நிறுத்தாமலே கேட்டாள்:

"இஞ்சாருங்க, புள்ளைக்குக் காச்சல் வந்து மூணு நாள். பகல் முழுக்கத் தூங்குறீங்க, முழிச்சா அந்தப் புத்தகம். இது மூணுல எது?"

விசாரணை

விசாரணைக்கு நானும் போய் வாசலோரம் நின்றேன். கிளாக்கர் என் கடிதத்தைத் தமிழில் சொல்ல, என்ஜினியர் கேட்டார்: "மறந்ததா?"

"இல்ல தொரை, மறக்கல்ல" என்றார் அலியார் காக்கா. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்த வயலுக்குச் சொந்தக்காரப் போடியாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோபத்தோடு வந்திருப்பார் என்று நான் பயந்த மனிதர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தொரை, அண்டைக்கு மௌத்தாகிப் போனது என்ட உம்மா. எங்கட ஊரில கபுறுக் குழி வெட்டுறது இவருதான். மையித்தை வெச்சுக்கிட்டு இரிக்கேலாது, அடக்கணும் எண்டு ஆளனுப்பினது நான். தண்ணியில போனதும் என்ட வயல்தான். இதில இவருக்கு என்ன குத்தம்?"

என்ஜினியர் என் கடிதத்தைக் கோப்புக்கு அடியில் தள்ளிவிட்டு, எச்சரித்து அவரை வேலையில் இருக்க விட்டார். வெளியே வந்ததும் அலியார் காக்கா என் தோளில் கை போட்டார்.

"எழுத்து நல்லாத்தான் இருந்திச்சாம் தம்பி. என்னைக் கதைக்க உட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

கவனியாமல் விட்டதற்கு இங்கிலீசில் மூன்று சொல் தெரிந்த நான், ஏன் விட்டீர்கள் என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேன்.