கிராதி இருந்த இடம்

“யாரு அனுப்புனாங்க உன்னய?”

கதவைப் பாதி திறந்து, மீதியைத் தோளால் அடைத்துக்கொண்டு நின்றார் உபகாரசாமி. எழுபது வயது. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் முப்பத்தைந்து வருடம் பாடி கட்டிய தோள் அது.

“யாரும் அனுப்பலைங்க தாத்தா. கோயில் மலருக்கு நான்தான் எழுதறேன். உங்களக் கேட்டா பழைய சங்கதி தெரியும்னு வந்தேன்,” என்றாள் லிடியா.

“தாத்தாவா? மெதுவாச் சொல்லு அம்மணி. உங்க ஊட்ல கேட்டுறப் போறாங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி செல்வமேரி சிரிப்பது கேட்டது. லிடியாவுக்கு முகம் சுட்டது. அவள் மேலத்தெரு ஜெபஸ்டினின் மகள். கோயில் கமிட்டிச் செயலாளரான ஜெபஸ்டின், தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த இந்த மனிதரை இன்றைக்கும் ‘வா, போ’ என்றுதான் பேசுவார்.

“நீ எழுதுனத நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ‘நம் முன்னோர் முழந்தாளிட்டு நன்மை வாங்கிய புனிதக் கிராதி இருந்த இடம்.’ நீ எழுதுனதுதானே?”

“ஆமாங்க. அதைத்தான் பித்தளைத் தகட்டுல வெட்டி அங்க பதிக்கப் போறாங்க.”

“எந்த நம்?”

அவளுக்குப் புரியவில்லை.

“நம்ம முன்னோர்னு போட்டிருக்கியே. உங்க ஆளுகளையும் எங்க ஆளுகளையும் சேத்தாத்தானே நம்ம? அங்க முட்டி போட்டது எங்காத்தா. உங்க பாட்டி என்னைக்கு அங்க வந்து முட்டி போட்டாங்க? போட்டிருந்தாச் சொல்லு, இப்பவே வந்து கும்படறேன்.”

“அது பூசையில அப்பம் வாங்கற பழைய நன்மைக் கிராதி இல்லீங்களா?”

“நன்மைக் கிராதி பீடத்துக்கு முன்னால இருந்துச்சு, உங்களுக்கு. இது கோயிலுக்கு நடுவால இருந்துச்சு, எங்களுக்கு. பட்டிக்கு அடைப்பு வைக்கறதில்ல? அது.”

லிடியா நோட்டைத் திறக்கப் போனாள். அவர் அதையும் பார்த்தார்.

“பரிசுத்தம்னா பிரிச்சு வைக்கறதுன்னு வேற எழுதியிருக்க. அப்படிப் பாத்தா எங்களத்தான் நல்லாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. அப்ப இந்த ஊர்லயே பரிசுத்தம் நாங்கதான். போ. போயி அத எழுது.”

கதவு சாத்தப்பட்டது.

லிடியா காலனியிலிருந்து மேலத்தெருவுக்கு நடந்தே வந்தாள். ஆட்டையாம்பட்டி போகும் மினிபஸ் பக்கத்தில் வந்து நின்று ஒலி எழுப்பியும் அவள் ஏறவில்லை. இன்னாசிப்பாளையத்துக் கோயிலுக்கு நூற்றைம்பது ஆண்டு நிறைகிறது. மலரில் தமிழும் ஆங்கிலமும் இருக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தபோது, இரண்டிலும் எழுதத் தெரிந்தவள் என்று அவளிடம் கொடுத்தார்கள். சேலத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவள். அதிகம் பேசாதவள் என்பதால் அடக்கமாக எழுதுவாள் என்றும் எதிர்பார்த்தார்கள்.

அவளும் அடக்கமாகத்தான் எழுதியிருந்தாள். கட்டுரையின் பெயர் ‘பழைய ஆலயங்கள் கற்றுத்தரும் பரிசுத்தம்’. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்கள் சுமந்து திரிந்த கூடாரத்தில் தொடங்கி, எருசலேம் கோயிலின் முற்றங்களைச் சொல்லி, ஒவ்வொரு வாசலையும் தாண்டும்போது மனிதன் எப்படித் தூய்மையடைகிறான் என்று விளக்கி, கடைசியில் தன் ஊர்க் கோயிலுக்கு வந்து சேர்ந்திருந்தாள். கோயிலின் நடுவே கல்தரையில் ஒரே வரிசையில் ஒன்பது இரும்பு முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். சேலைக் கரையைக் கிழிக்கும், விரல் நகத்தைப் பெயர்க்கும். அவை ஏதோ பழைய கிராதியின் மிச்சம் என்று எல்லாருக்கும் தெரியும். எந்தக் கிராதி என்று அவள் வயதுக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. தெரிந்த பெரியவர்கள் சொன்னதில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று யோசித்தாள். அந்த வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் எழுதினாள். ஆங்கிலத்தில் ‘நம்’ என்பதற்கு ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்தும் சொல்லலாம், சேர்க்காமலும் சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘நம்’, ‘எங்கள்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கை ‘நம்’ என்று எழுதிவிட்டது.

மறு வாரம் திரும்பப் போனாள். இந்த முறை கதவைத் திறந்தது செல்வமேரி.

“உள்ள வா சாமி. அவரு கடிக்க மாட்டாரு. பல்லு இல்ல.”

உபகாரசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. ஆனால் பேசினார். முதுகுக்குப் பின்னால் இருப்பவளைத் திட்டுவதுபோலவே தன் கதையைச் சொன்னார்.

அவர் பிறந்தபோதே அந்தக் கிராதி இருந்தது. இடுப்புயரம், ஒன்பது கம்பி, மேலே ஒரு பட்டை. அதற்குப் பின்னால் காலனி ஆட்கள் நிற்க வேண்டும். பூசையில் மேலத்தெருக்காரர்கள் பீடத்தண்டை போய் நன்மை வாங்கித் திரும்பி உட்கார்ந்த பிறகு, சாமியார் நடுக்கிராதிக்கு வருவார். இவர்கள் முழந்தாளிட்டுப் பட்டைக்கு மேல் முகத்தைத் தூக்கி வாயைத் திறப்பார்கள். தன் பதினெட்டாவது வயதில் பட்டறைக்கு வேலைக்குப் போன உபகாரசாமி, அங்கே கவுண்டர் வீட்டுப் பையன்களோடு ஒரே லாரிக்கு அடியில் படுத்து வெல்டிங் வைத்தார், ஒரே தூக்குப் போசியில் தண்ணீர் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் கம்பிக்குப் பின்னால் நின்றார்.

“இரும்பத் தொட்டாலே அதோட கனம் சொல்லிருவேன் நான். அந்தக் கம்பி முக்கால் இஞ்சு. கோயில்ல நிக்கற நேரமெல்லாம் அதத்தான் அளந்துக்கிட்டு இருப்பேன். செபமா பண்ணுனேன்?”

“ஆமா, பண்ணிட்டாலும்,” என்றாள் செல்வமேரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, குருத்து ஞாயிறு. கூட்டம் அதிகம். சாமியார் நடுக்கிராதிக்கு வந்தபோது பாத்திரத்தில் அப்பம் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். உபகாரசாமியின் தாய் கண்ணை மூடியிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டியபடி முழந்தாளில் இருந்தாள். மேலத்தெருப் பெண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். மகன் போய்த் தோளைத் தொட்டபோதுதான் வாயை மூடினாள்.

அதே வாரம் பெரிய வியாழன் அன்று மத்தியானம், சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவதற்காகக் கோயிலைக் கூட்டிவிட்டுப் பூட்டாமல் போயிருந்தார்கள். உபகாரசாமி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கையில் பட்டறையில் இரும்பு அறுக்கும் ஆக்சா பிரேம். ஒன்பது கம்பிக்குப் பதினொரு பிளேடு உடைந்தது. பிரேம் தரையில் இடித்ததால் அதற்குக் கீழே அறுக்க முடியவில்லை. ஒரு விரற்கடை உயரத்துக்கு முளைகள் நின்றுவிட்டன. அறுத்ததைத் தோளில் தூக்கி வந்து, கோயில் வாசலில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடித்தார்கள். மூன்று வாரம் கோயிலைப் பூட்டினார்கள். கமிட்டி முன்னால் மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் அவருக்கு நன்மை இல்லை என்றார்கள். அவர் கேட்கவில்லை. பதினொரு வருடம் சைக்கிளில் அடுத்த பங்குக் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டார். ஆனால் கிராதியை மறுபடி வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவருடைய தாய் அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தாள். இரண்டு வருடமும் பீடத்தண்டை போய் நன்மை வாங்கினாள்.

“அடிச்சவங்கள்ல உங்க தாத்தனும் ஒருத்தன்,” என்றார் உபகாரசாமி. “சாவுற வரைக்கும் எம்மூஞ்சியப் பாக்கல. நல்ல பக்திமான்.”

லிடியா எழுந்தாள். “தகட்ட மாத்தச் சொல்றேங்க,” என்றாள்.

“சொல்லு, பாக்கலாம். நான் அறுத்த எடத்துல, நீங்க நன்மை வாங்குன எடம்னு தகடு பதிச்சா, நாப்பது வருசம் கழிச்சு அதே கம்பிய மறுபடி நட்ட மாதிரி. அப்பறம் அத எந்தப் பிளேடப் போட்டு அறுக்கறது?”

அன்று வீட்டில் ஜெபஸ்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் சொல்லி முடிக்கும் வரை இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஏங்கண்ணு, உனக்கு எழுதறதுக்கு வேற சங்கதியே கெடைக்கலையா? ஆயர் வாராரு. வெளியூர்ச் சனம் வருது. அந்தக் கெழவன் பொழுது போகாம பேசறான்னா நீ போயி உக்காந்து கேட்டுட்டு வருவியா?”

“அவரு சொன்னது பொய்யாங்கப்பா?”

“பொய்யின்னு நான் சொன்னனா?” அவர் கையை உதறினார். “சரி, இங்கிலீசுல வேணா எழுதிக்க. யாரு படிக்கப் போறாங்க? தமிழ்ல இருக்கறது இருக்கட்டும்.”

லிடியாவுக்கு முதலில் அது ஒரு வழியாகவே தோன்றியது. உண்மை எங்கோ ஓரிடத்தில் அச்சாகிவிடும், வீட்டிலும் சண்டை இருக்காது. இரண்டு நாள் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுத உட்கார்ந்தாள்.

‘நம் முன்னோர்’ என்று எழுத முடியாது. ‘எங்கள் முன்னோர்’ என்றால் அவர்கள் பட்டதை அவள் திருடிக்கொள்வதாகும். ‘அவர்கள் முன்னோர்’ என்று எழுதிப் பார்த்தாள். கண்ணெதிரே ஒன்பது கம்பியும் பட்டையும் மறுபடி எழுந்து நின்றன. அந்த வரியை அடித்தாள். கூடாரத்தையும் எருசலேமையும் பற்றி எழுதியிருந்த பக்கங்களைப் படித்தாள். அந்தக் கோயிலிலும் ஒரு தடுப்பு இருந்தது, தாண்டினால் சாவு என்று எழுதியிருந்தது என்பதை அவளே ஒரு வரியில் குறிப்பிட்டு, மேலே போயிருந்தாள். இயேசு இறந்தபோது அந்தக் கோயிலின் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்ததையும் எழுதியிருந்தாள். அழகான உவமை என்று நினைத்துத்தான் எழுதினாள். கிழிப்பதற்கு ஒருவன் அடி வாங்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

கடைசியில் நான்கே வரி எழுதினாள்: ‘இந்த முளைகள் ஒரு தடுப்பின் மிச்சம். இதற்குப் பின்னால் காலனி மக்கள் நிறுத்தப்பட்டார்கள். 1981 பெரிய வியாழனன்று உபகாரசாமி இதை அறுத்தார். நிறுத்தியவர்கள் எங்கள் முன்னோர்.’

கமிட்டியில் அதைப் படித்தபோது ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எங்கள் என்று எழுத இவளுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். இன்னொருவர் படித்த பிள்ளைகளைக் கோயிலுக்குள் விட்டதே தப்பு என்றார். ஜெபஸ்டின் மகளைப் பார்க்காமல், “அந்தப் பக்கத்த எடுத்துருங்க,” என்றார். லிடியா எழுந்து நின்றாள். அதை எடுத்தால் தான் எழுதிய மற்ற எல்லாப் பக்கங்களையும் எடுத்துவிடச் சொன்னாள், ஆங்கிலத்தையும் சேர்த்து. அச்சகத்துக்கு நாலே நாள்தான் இருந்தது. பங்குச்சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தகடு இப்போதைக்கு வேண்டாம் என்றார். அந்த நான்கு வரியைக் கடைசியில் எங்காவது சின்ன எழுத்தில் போடச் சொன்னார்.

அதன் பிறகு ஜெபஸ்டின் அவளோடு பேசவில்லை. அவளுக்கான செய்தியைக்கூட அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மலர் வந்த அன்றே லிடியா ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனாள். உபகாரசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆயரின் ஆசியுரையைப் புரட்டித் தள்ளினார், கட்டுரைகளைத் தள்ளினார். நகைக்கடை விளம்பரத்துக்கும் போர்வெல் போடும் ரிக் வண்டி விளம்பரத்துக்கும் நடுவில் அது இருந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

“உனக்கு உங்கூட்ல சோறு போடறாங்களா இன்னும்?”

“போடறாங்க. பேசறதுதான் இல்லைங்க.”

“ம்.” மலரை மூடி அவளிடமே நீட்டினார்.

“எழுதிட்ட, சரி. எழுதுனத ரிக் வண்டிக்குப் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழமை திருவிழாவுல உங்கப்பன்தானே மைக்கப் புடிச்சு வரவேற்புரை பேசுவான்? இந்தக் கடைசி வரிய மட்டும் அவன் வாயால படிக்கச் சொல்லு அம்மணி.”