அஜ்மான் வேனில் ஒரு பிரெஞ்சு ராஜா

அஜ்மானில் உள்ள ஓர் இந்தியப் பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் துபாய் ஆபீஸின் ரிசப்ஷனில் உட்கார்ந்து யாருடைய கூரியரையோ தேடிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாற்று டீச்சர் தேவை, அடுத்த வாரம் ஒரு டெமோ கிளாஸ் எடுக்க வேண்டும், பிரெஞ்சு மன்னராட்சி எப்படித் தள்ளாடிப் புரட்சியில் போய் விழுந்தது என்பதுதான் பாடம் என்றார்கள். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். கூரியர் கடைசிவரை கிடைக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நான் வரலாற்றில் எம்.ஏ., அதற்கு மேல் பி.எட். திருநெல்வேலியில் கொஞ்ச காலம் பாடமும் நடத்தியிருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்தபின், "ஹிஸ்டரிய வச்சிக்கிட்டு கல்ஃப்ல என்ன பண்ணுவ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் குட் மார்னிங் சொல்லியே வருடங்கள் ஓடின. ஆனாலும் நான் டீச்சர் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் தப்பு என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருட இடைவெளியைப் பார்த்த பிறகும் கூப்பிட்ட பள்ளி இது ஒன்றுதான். இதை விட்டால் இன்னொன்று வராது என்று தெரிந்தே இருந்தது.

பாடத்தைச் சொல்லிப் பார்க்க எதிரே ஆள் வேண்டும். கணவர் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார். வார லீவில்தான் வருவார். சுவரைப் பார்த்துப் பாடம் நடத்த எனக்கு வராது. கைவசம் ஆள் இருந்த ஒரே இடம் கம்பெனி வேன். அஜ்மானிலிருந்து துபாய்க்குக் காலையில் ஊர்ந்து போய், சாயங்காலம் ஊர்ந்து திரும்பும் வண்டி. ஏறுபவர்கள் எல்லோரும் தமிழ்.

அந்த வேனில் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. முன் சீட் அட்மின் மேனேஜருக்கு. நடு சீட் பெண்களுக்கு, அதாவது எனக்கும் மேனேஜரின் பிரிவிலேயே வேலை செய்த ஒரு பெண்ணுக்கும். குடோனில் வேலை பார்க்கும் நான்கு பேர் பின் சீட்டில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஏசி காற்று அவர்கள் வரைக்கும் போகாது. ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் டிரைவர் சீட் சீட்டாகத்தான் கேட்பார்: "முன் சீட்டு என்ன சொல்றீங்க? நடு சீட்டு? பின்னால?" வண்டி ஓட்டுகிறவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க முடியுமா? அதனால் யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

முதல் நாள் நான் ராஜாவை ஆரம்பித்ததும் டிரைவர் ரேடியோவை நிறுத்தினார். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், கதை என்றால் சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்க மாட்டார். இளம் ராஜா, பூட்டு செய்வதில் பிரியம், ஆளுவதில் தயக்கம் என்று சொன்னேன். அமெரிக்கச் சண்டையில் மூக்கை நுழைத்துக் கஜானாவைக் காலி செய்ததையும், பாதிரிமாரும் பிரபுக்களும் பெரிய வரிகளிலிருந்து நழுவிக்கொண்டதையும் சொன்னேன். அவர்களும் வரி கட்டட்டும் என்று சொன்ன மந்திரிகள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து விளைச்சலும் பொய்த்து, ரொட்டி எட்டாத பொருளாகிவிட்டது.

"குபூஸ் ரொட்டிக்கே வழியில்லன்னா அப்புறம் ராஜா என்னத்துக்கு?" என்றார் டிரைவர். "அந்த ராணிதானே கேக் தின்னச் சொன்னது?"

"அப்படிச் சொன்னதுக்கு ஆதாரமே இல்ல அண்ணே. இல்லாத பழிய நான் யார் மேலயும் போட மாட்டேன்."

"சரிங்க டீச்சர்," என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அன்று முழுக்க ரிசப்ஷனில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சிக்கல் அடுத்த நாள் வந்தது. வேறு வழி தெரியாமல் ராஜா மூன்று பிரிவினரின் சபையைக் கூட்டினார். பாதிரிமார் ஒரு பிரிவு, பிரபுக்கள் ஒரு பிரிவு, மிச்சமுள்ள நாடே மூன்றாவது பிரிவு. மூன்றாவது பிரிவை இரண்டு மடங்கு ஆட்களை அனுப்பிக்கொள்ளச் சொன்னவர், ஓட்டு தலைக்கு ஒன்றா பிரிவுக்கு ஒன்றா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்த இடம்தான் பாடத்தின் உயிர். வேனில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. "டபுளா ஆள் குடுத்துட்டாரே, அப்புறம் என்ன கோபம்?" என்றார் பின் சீட்டிலிருந்து ஒருவர். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கே சலிப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் வண்டியில் ஏறியாகிவிட்டது, மேனேஜரைத் தவிர. அவர் என்றைக்குமே தாமதம்தான். கதவைப் பாதி திறந்து, "ஒரு மெயில் பாக்கி, வெயிட் பண்ணலாமா?" என்றார். டிரைவர் வழக்கம்போல் கேட்டார். முன் சீட் அவரே, அதனால் ஓகே. நடு சீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் "பரவால்ல சார்" என்றார். பின் சீட்டு மட்டும் கிளம்பச் சொன்னது. "ரெண்டு சீட்டு வெயிட் பண்ணச் சொல்லிருச்சு," என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "அண்ணே, இதான் பிரான்ஸ்," என்றேன். "பின்னால நாலு பேரு. நாலு பேருக்கும் சேத்து ஒரு ஓட்டு. முன்னால ஒரே ஆளு, அவருக்கும் ஒரு ஓட்டு. பின் சீட்டுல இன்னும் நாலு பேர ஏத்தினாலும் அவங்க தோக்கத்தான் செய்வாங்க."

பின் சீட்டில் ஒருவர் மெதுவாக, "அப்ப சார்தான் பாதிரியாரா?" என்றார். சிரிப்பில் வண்டியே குலுங்கியது. டிரைவர் இந்தத் தடவை தலையை எண்ணினார். நானும் பின் சீட்டோடு சேர்ந்து கை தூக்கினேன். மேனேஜர் மெயிலை விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். அஜ்மான் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் லீவு ஞாபகம் வந்தது. டெமோ வேலை நாளில் காலையில். எனக்கு அரை நாள் லீவு தர வேண்டியவர் அந்த மேனேஜர். மறுநாள் கேட்டேன், பார்க்கலாம் என்றார். அதற்கும் மறுநாள் தலையை நிமிர்த்தாமலே பார்க்கலாம் என்றார். வேனில் பாடமும் நின்றுபோனது. சாரிடம் ஒரு சாரி சொல்லிவிடுங்கள் என்று பக்கத்து சீட்டுப் பெண் சொன்னார். எதற்குச் சொல்ல வேண்டும்? நான் பொய் சொல்லவில்லையே. லீவு கிடைக்காவிட்டாலும் போவது என்று முடிவு செய்துகொண்டேன்.

டெமோவுக்கு முந்தின சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே வண்டியில் இருந்தவர் மேனேஜர்தான். "பாதிரியார் லீவு சாங்ஷன் பண்ணிட்டாரும்மா," என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நல்லா நடத்திட்டு வாங்க." மனுஷர் சிரிக்கிறாரா இல்லையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பில் ஆங்கிலம்தான். பிரின்சிபாலும் இரண்டு ஆசிரியர்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் ராஜாவையும் கஜானாவையும் சுருக்கமாக முடித்துவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போட்டேன். முதல் வரிசை பாதிரிமார், இரண்டாம் வரிசை பிரபுக்கள், பின்னால் உள்ள எல்லோரும் மூன்றாம் பிரிவு. இன்றைய வீட்டுப்பாடத்தைப் பின்னால் இருப்பவர்கள் மட்டும் செய்யலாமா? வரிசைக்கு ஒரு ஓட்டு. முன்னிரு வரிசைகளும் குஷியாகக் கை தூக்கின. தீர்மானம் நிறைவேறியது என்று போர்டில் எழுதினேன்.

வகுப்பு கொதித்தது. பின் வரிசைகள் டெஸ்க்கைத் தட்டின. நாங்கள்தானே அதிகம், எங்களை எண்ணுங்கள் என்று கத்தினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். பிரின்சிபாலின் முகம் இறுகியது. அடக்கியிருந்தால் அடங்கியிருப்பார்கள். நான் அடக்கவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்து, கடைசி வரிசையில் ஒருத்தியை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் போனான். பிறகு இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவன்.

நான் சொல்லித்தரவில்லை. பாடத்தில் அந்த இடத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை. சபை கூடிய வெர்சாயில் முதலில் சில ஏழைப் பாதிரிமார்தான் தங்கள் பிரிவை விட்டு எழுந்து மூன்றாம் பிரிவின் பக்கம் போனார்கள். பிரபுக்களில் சிலர் பின்னால் போனார்கள். அவரவர் பிரிவில் போய் உட்காருங்கள் என்று ராஜா சொன்னபோது அவர் பேச்சைக் கேட்க ஆள் குறைந்திருந்தது. இதைத்தான் அப்போது சொன்னேன். முதலில் எழுந்து போன அந்தப் பெண், "நிஜமாவா மிஸ்?" என்றாள். அவளை நினைத்தா என்னை நினைத்தா தெரியாது, எனக்கு அப்படி ஒரு பெருமை.

வெளியே வராந்தாவில் பிரின்சிபால் என்னை நிறுத்தினார். சத்தம் கொஞ்சம் அதிகம் என்றார். ஆமாம் என்றேன். எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. "அடுத்த பீரியட் எந்த வகுப்பு?" என்றேன்.