இரண்டாவது இழுப்பு

மஸ்கட்டில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் பதினாறு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், புல் வெட்டும் மிஷின், இலைகளை ஊதித் தள்ளும் ப்ளோயர் என்று எது நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சீர்காழிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஆறு மா நிலம் சொந்தம், எட்டு மா குத்தகை. அத்தனையையும் பார்த்துக்கொண்டது என் மனைவி. ஆள் பிடிப்பது, நடவு, உரம், மருந்து, அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வைப்பது எல்லாம் அவள்தான். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவேன்.

வீட்டை ஒட்டி சிமெண்டுக் களம் ஒன்று போட்டிருந்தோம். அதன் ஓரத்தில் இரண்டு வேப்பமரம். நெல் காயப்போட்டால் அதன்மேல் சருகு கொட்டிக்கொண்டே இருக்கும். "கூட்டிக் கூட்டி இடுப்பு போச்சுங்க" என்று ஒருநாள் போனில் சொன்னாள். வளாகத்தில் தோட்டக்காரர்கள் வைத்திருந்ததைப் போலவே கையில் பிடிக்கிற பெட்ரோல் ப்ளோயர் ஒன்றைப் புதிதாக வாங்கி கார்கோவில் அனுப்பினேன். எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் அவள் அதை ஓட்டியபோது நாலு வீட்டு ஆட்கள் வந்து நின்றார்களாம். சருகு மட்டுமல்ல, விதைநெல்லில் கிடக்கிற கருக்காய்ப் பதரையும் அவள் அதை வைத்தே ஊதித் தள்ளினாள். அது என் யோசனை இல்லை, அவளுடையது.

மூன்று வருடம் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன தை மாதம், சம்பா அறுத்து விதைக்கு எடுத்துவைத்த நெல் களத்தில் கிடந்த சமயம், போன் பண்ணினாள்.

"ஏங்க, இந்த மிஷினு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது."

பெட்ரோல் எத்தனை நாள் கிடக்கிறது என்று கேட்டேன். குறுவைக்கு ஊற்றியது என்றாள். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொன்னேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணனின் பைக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆயில் கலந்து ஊற்றிவிட்டு மறுநாள் சொன்னாள்: "ஊத்திட்டேங்க. அப்பவும் வரல."

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வீடியோவில் வரச் சொன்னேன். போனை நெல் மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். முகம் கறுத்துத் தெரிந்தது. வெயிலில் நின்று வேலை செய்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

"முகத்த காட்டுறே. மிஷின காட்டு" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனைத் திருப்பி வைத்தாள். அதற்குப் பிறகு அவளுடைய கைகளும் மிஷினும் மட்டும்தான் தெரிந்தன. பிளக்கைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். உப்புத்தாளில் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தாள். பிளக்கை வயரில் மாட்டி, இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்கச் சொன்னேன்.

"வருதுங்க. நீலமா பொறி வருது."

"அப்ப பிளக்கு நல்லாருக்கு. ஃபில்டர கழட்டு."

ஃபில்டரையும் கழுவிக் காயவைத்து மாட்டினாள். எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சோக்கைப் போட்டு, கயிற்றை இழுத்தாள். ஒருமுறை, இரண்டுமுறை. பாதியிலேயே கயிறு உள்ளே போய்விட்டது.

"என்ன இழுப்பு இழுக்கறே? வெடுக்குன்னு இழு."

"இழுக்கத்தாங்க செய்யறேன். வர மாட்டேங்குது."

"மூணு வருசமா இழுத்ததுதானே?"

மறுபடியும் இழுத்தாள். பிறகு கைகள் மிஷின்மேல் அப்படியே கிடந்தன. மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"தோளெல்லாம் புடிச்சிக்குதுங்க. முதுகு வரைக்கும் இழுக்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு."

"பத்து தடவ இழுத்தா யாருக்குத்தான் மூச்சு வாங்காது? கொஞ்சம் உக்காந்துட்டு இழு."

இந்த வார்த்தைகளைச் சொன்னவன் நான்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதுகூட அதைப் பற்றித்தான் யோசித்தேன். பெட்ரோல் சரி, பொறி சரி, காற்று சரி. அப்படியானால் கார்ப்பரேட்டரில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். கார்ப்பரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் தாள் காய்ந்துபோயிருக்கும். புதியது ஒன்று வாங்கி, ஊருக்குப் போகிற நாகூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தேன். அவளிடம் சொன்னபோது, "விடுங்க, நீங்க ஆடியில வரும்போது பாத்துக்கலாம். வௌக்கமாறு இருக்குல்ல" என்றாள்.

அந்த ரப்பர் தாள் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை, காபி போட அடுப்படிக்குப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டாள் என்றார்கள். அண்ணன் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். வழியிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு நாற்பத்தாறு வயது.

நான் வந்து இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற எங்கள் ஒரே மகள் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "டாக்டர் போன்ல கேட்டாருப்பா. கை வலி, தோள் வலி, மூச்சு வாங்கறது ஏதாவது முன்னாடி இருந்துச்சான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். அம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலப்பா" என்றாள். அப்போது எனக்கு அது காதில் விழுந்ததே தவிர, மனதில் ஏறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். மகளும் பரீட்சை என்று அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பந்தல் பிரித்த இடம் முழுக்கப் பூவும் இலையும் சருகும். கூட்டலாம் என்று விளக்குமாறு தேடிப் போனவன், சாமான் அறையில் ப்ளோயரைப் பார்த்தேன். மேலே ஒரு பழைய புடவைத் துணி போட்டு மூடியிருந்தது.

வெளியே எடுத்துவந்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தேன். டேங்க்கைத் திறந்து முகர்ந்தேன், நல்ல பெட்ரோல். ஆயில் அளவாகக் கலந்திருந்தது. பிளக்கைக் கழற்றினேன். நான் சொன்னபடியே தேய்த்து, துடைத்து மாட்டியிருந்தாள். ஃபில்டரில் ஒரு தூசி இல்லை. ஒவ்வொன்றையும் சரியாகச் செய்திருந்தாள். கார்ப்பரேட்டரைப் பிரிக்குமுன் ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம் என்று சோக்கைப் போட்டு இழுத்தேன். இருமியது. இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அணைக்கக்கூடத் தோன்றவில்லை. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. பிளக் வெளியே இருக்கும்போது கயிறு லேசாக வரும், குழந்தைகூட இழுக்கலாம். அதனால்தான் அன்று பொறி வந்தது. பிளக்கை மாட்டிய பிறகு பலமாக இழுத்தால்தான் இன்ஜின் சுற்றும். கழற்றியபோது வந்தது, மாட்டினால் வரவில்லை என்றால், குறை இழுக்கிற கையில் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ பையன்களுக்கு மஸ்கட்டில் நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சத்தம் கேட்டு அண்ணி வேலிப் படலைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். நான் அணைத்தேன்.

"அதுவா தம்பி ஓடுது?" என்றார்.

"ஆமாங்க அண்ணி."

அவர் களத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசி பத்து நாளா ஒரு குடம் தண்ணி அவளால தூக்க முடியல தம்பி. நான்தான் தூக்கி வச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போடின்னேன். அதுக்கு அவ, 'அவருகிட்ட சொல்லியிருக்கேன் அக்கா, அவரு மிஷின பாத்துக்கிட்டிருக்காரு, அது முடியட்டும்'னா."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லல. நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுக்கிறீங்கன்னு பெருமைதான் பட்டா."

அண்ணி அதை ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

நான் திரும்பி மஸ்கட் போகவில்லை. என் பெட்டியையும் டூல்ஸையும் கூட இருந்தவர்கள் அனுப்பிவைத்தார்கள். நிலத்தை நானே பார்க்க ஆரம்பித்தேன். எந்த வாய்க்காலில் முறை எப்போது, யாரைக் கூப்பிட்டால் நடவுக்கு ஆள் வரும் என்று ஒவ்வொன்றையும் அண்ணியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மகளிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை பேசுவாள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுப்பேன். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஆடியில் லீவுக்கு வந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். தோள் வலி, முதுகு வலி, மூச்சு வாங்கியது, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"எனக்கு ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம்லப்பா? நான் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே."

இரவு எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். லீவு முடியுமுன்பே கிளம்பிவிட்டாள். மூன்று வாரம் போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. இனிமேல் இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு அது தகும் என்றும் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். குரலில் ஒட்டுதல் இல்லை.

"இன்னிக்கே சீர்காழிக்குப் போயி ஈ.சி.ஜி. எடுங்க. எடுத்துட்டு அந்தப் பேப்பர எனக்கு அனுப்புங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"எடுங்கப்பா."

பஸ் பிடித்துப் போனேன். ஒரு சின்ன லேப். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பெண், மார்பில் ஏதோ தடவி, வயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். அசையாமல் படுங்கள் என்றாள். எனக்குத் தாங்க முடியவில்லை, உடம்பு குலுங்கியது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"பயப்படாதீங்க சார், ஊசியெல்லாம் கெடையாது. வலிக்காது" என்றாள் அந்தப் பெண். நான் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பட்டனை அழுத்தினாள். கோடு போட்ட காகிதம் வெளியே வந்தது. அதைக் கிழித்து என் கையில் கொடுத்து, எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதாங்க சார். அஞ்சு நிமிஷ வேலை."