காயிலுக்குச் சுற்றிய சரிகை

கூரத்து மாமாவின் காரைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. மாமா என்றால் என் அத்தையின் கணவர். அந்த வருஷம் வைகாசியில்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவருடைய அப்பா எந்தத் துரையிடமோ வாங்கிப் போட்ட பழைய சீமைக் கார் அது. அதை அவருக்கு இரண்டாவது சம்சாரம் என்று அம்மா கேலி செய்வாள். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"மொதல் சம்சாரமே அதுதான் அண்ணி. நான்தான் ரெண்டாவது" என்பாள்.

ஆடி மாதத்துக்காகப் பிறந்த வீடு வந்த அத்தையால் சும்மா இருக்க முடியவில்லை. சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக் கூடத்தில் இருந்த இரண்டு தறிகளில் ஒன்றில் உட்கார்ந்து ஒரு சேலையைத் தொடங்கிவிட்டாள். அரக்கு உடல், பச்சைக் கரை. ஆவணி பிறந்து, மாமா அழைத்துப்போக வரவேண்டிய திங்கட்கிழமை காலையில் முந்தானை மட்டும் பாக்கி.

"அண்ணா, இன்னும் ஒரு நாள் இருந்தா முடிச்சுட்டுப் போயிடுவேன்" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"மாப்பிள்ளை வந்துக்கினு இருப்பாரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன், நீ எழுந்திரும்மா."

அத்தை எழுந்திருக்கவில்லை. அப்பாவின் கை அழுத்தம் வேறு, அவளுடையது வேறு. கை மாறினால் சேலையில் அது தெரியும். யாரோ கட்டப்போகிற சேலைதான், ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

மத்தியானம் மாமா வந்தார். கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தெருப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு எங்கள் வாசல்வரை தள்ளி வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்ற மாமா, சேலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"முந்தானை எப்போ?"

"அண்ணன் முடிப்பாரு" என்றாள் அத்தை. அவள் கண் கலங்கியிருந்தது. மாமா வாசலுக்குப் போனார்.

காரில் கெட்டுப்போனது காயில். டம்ளர் அளவில் ஒரு தகர உருளை. இன்ஜினுக்குத் தீப்பொறி தருவதே அதுதானாம். சூடேறினால் மக்கர் பண்ணும் என்று தெரிந்து, புதியதாக ஒன்றை மெட்ராஸில் வாங்கி டிக்கியிலேயே வைத்திருந்தார். பழையதைக் கழற்றி இதை மாட்டினார். ஒரு ஒயர் மட்டும் எட்டவில்லை. துண்டு ஒயர் சேர்த்து முறுக்கினார். முறுக்கிய இடத்தில் சுற்ற டேப் இல்லை.

"கொஞ்சம் பட்டு நூல் கொண்டாயேன். பட்டுல கரண்ட் பாயாது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அத்தை கொண்டுவந்தது சரிகை நூல். எனக்குத் திக்கென்றது. சரிகை என்றால் வெள்ளி. துண்டு கீழே கிடந்தால்கூட அப்பா எடுத்துச் சேர்த்து வைப்பார். அதோடு, ஒருமுறை சரிகை இழை ஒன்று சுவிட்சுக்குள் போய் வீடே இருண்டதிலிருந்து, அதை மின்சாரத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பான உத்தரவு. ஆனால் மின்சாரம் சுவரில்தான் இருக்கும், காருக்குள் பெட்ரோல் மட்டும்தான் என்பது அந்த வயதில் என் அறிவு.

மாமா அந்த நூலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். பளபளவென்று மின்னியது. அத்தையைப் பார்த்தார். அவள் காரைப் பார்த்தாள். பிறகு மாமா பொறுமையாக, தடிமனாகச் சுற்றி, ஆடாமலிருக்க அதே நூலால் பக்கத்து இரும்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

கார் கிளம்பவில்லை. உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. தாம்பூலத் தட்டோடு வெளியே வந்த அப்பா, ஜட்கா பிடிக்கட்டுமா என்று கேட்டார்.

"கார்ல வந்தவன் ஜட்காவுலயா இட்டுக்கினு போவேன், மச்சான்?" என்று மாமா முறுக்கிக்கொண்டார். தள்ளிப் பார்த்தார்கள், ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். அதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்தபின் பெண்ணை அனுப்பக் கூடாது. மறுநாள் செவ்வாய், அன்றும் ஆகாது.

"புதன்கிழமையே போங்க" என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

செவ்வாய் முழுக்க அத்தை தறியை விட்டு இறங்கவில்லை. மாமா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தன் காரையே தெரியாத ஆள் என்று சிரித்தார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் சேலை தறியிலிருந்து இறங்கியது. அத்தை முந்தானையை விரித்தாள். மாமா காரை விட்டுவிட்டு வந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன் காலை அவர் வேறெதையும் தொடவில்லை. சரிகையை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சிவப்புப் பட்டு நூலைச் சுற்றினார். முதல் தடவையிலேயே கார் கிளம்பியது.

"இத அன்னிக்கே சுத்தியிருக்கலாமே மாமா?" என்றேன்.

"அன்னிக்குத் தோணலம்மா."

அத்தை செய்த தந்திரம் எனக்கு இரண்டொரு வருஷத்தில் விளங்கிவிட்டது. மாமா அதைத் தெரிந்தேதான் சுற்றினார் என்பது விளங்க எனக்கே கல்யாணமாக வேண்டியிருந்தது. தெருவே அவரைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தை ஒருத்திதான் சிரிக்கவில்லை.