அகிலாண்டம் கேட்ட ஒரே மரக்கால்

எங்கள் நெல்லை வாங்கி மில்லுக்கு விற்க நாங்களே சேர்ந்து தொடங்கிய உழவர் கம்பெனியின் கொட்டகையைக் கடக்கும்போது ஈர நெல் வாசனை வந்தால், அகிலாண்டத்தின் குரலும் கூடவே வந்துவிடுகிறது. திருவிடைமருதூர்ப் பக்கம் வயற்கூலி வீட்டில் பிறந்து, அந்தக் கம்பெனிக்குத் தலைவியானவர்.

அவருடைய அப்பா மருதையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். அன்றைக்கு மிராசுதார் வீட்டில் நெல் அளக்க இரண்டு மரக்கால்கள் இருந்தன. கடன் நெல்லைத் திருப்பி வாங்கப் பெரியது. கூலி அளக்கச் சிறியது. "ஒரே மரக்காலால் அள" என்று கேட்டதற்காக மருதையனைக் கட்டிவைத்து அடித்தார்கள். கோட்டையில் சுயமரியாதை பேசியவர்கள் அமர்ந்த பிறகும், எங்கள் களத்துக்கு நியாயம் வந்துசேர நாளானது.

அந்த நினைவோடுதான், தரகர்கள் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து வாய்க்கு வந்த விலை சொல்வதை ஒழிக்க அகிலாண்டம் கிளம்பினார். நெல்லைப் படம் பிடித்துத் தரம் சொல்லும் ஏஐ மெஷின் ஒன்றை, ஒரு சம்பா பருவத்துக்குச் சோதனையாகக் கொண்டுவந்தார். "மெஷினுக்குச் சாதி தெரியாது" என்று வீடு வீடாகப் போய் வாதாடினார். தரகர்கள் அவருக்கு 'மெஷினம்மா' என்று பேர் வைத்தார்கள்.

அறுவடை முடிந்ததும், மெஷினை நிரந்தரமாக வாங்குவதா என்று முடிவெடுக்கக் கூட்டம் நடந்தது. அடுத்து தலைவர் தேர்தல் வேறு. மெஷினைத் திருப்பி அனுப்பினால் ஊர் சிரிக்கும், பதவியும் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

மேலாளர் தியாகேசன் எழுந்தார். "மெஷின் தப்பே பண்ணலைங்க. கம்பெனிக்கு லாபமும் கூடியிருக்கு."

"அந்த லாபம் எங்கேருந்து வந்துச்சு தம்பி?" என்று கேட்டார் அகிலாண்டம்.

"ரெண்டாந்தர நெல்லுக்கு விலை குறைச்சுக் கொடுத்தோம்லங்க."

"மில்லுக்காரரும் தரம் பார்த்துத்தான் நம்மகிட்ட வாங்கினாரா?"

தியாகேசன் கணக்கு நோட்டைப் புரட்டினார். "அவரு எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி, ஒரே விலைக்குத்தாங்க எடுத்துக்கிட்டாரு."

பின்வரிசையில் ரெத்தினம் எழுந்தார். அவர் நெல்லை மெஷின் இரண்டாந்தரம் என்று சொல்லியிருந்தது. "அப்ப என்கிட்ட சுரண்டினதுக்குப் பேருதான் லாபமா அக்கா? தரகன்கூட ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுத்தான் சுரண்டுவான்."

கூட்டம் சிரித்தது. அகிலாண்டம் சிரிக்கவில்லை.

"எங்கப்பா எதுத்து நின்ன ரெட்டை மரக்காலை நானே வேன் வச்சுக் கொண்டாந்துட்டேன்" என்றார். "மெஷின் மேல குத்தமில்ல. மில்லும் இதே தரத்துக்கு விலை போடட்டும், அப்ப வச்சுக்குவோம். அதுவரைக்கும் பிடிச்ச பணத்தை அவங்கவங்ககிட்டத் திருப்பிக் கொடுங்க."

மெஷின் வேண்டாம் என்று முதலில் உயர்ந்த கை அவருடையது.

மில் ஒப்புக்கொள்ளவில்லை, மெஷின் திரும்பிப் போனது. தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த தை மாதம் மற்றவர்களோடு வரிசையில், தன் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைச் சுவரில் அன்றைய வாங்கும் விலை மட்டும் எழுதியிருந்தது. மில்லுக்கு விற்கும் விலையையும் பக்கத்தில் எழுதும்வரை அவர் மூட்டையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் அந்தச் சுவரில் இரண்டு விலைகளையும் எழுதிய பிறகுதான் தராசில் முதல் மூட்டை ஏறுகிறது.