குலுக்கினால் சத்தம் வராத வண்டி

திருப்பதி ஷோரூமில் நான் செய்த முதல் காரியமே சிரிப்புக்கு இடமாகிவிட்டது. பளபளவென்று தரை, ஜில்லென்று ஏசி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு எலக்ட்ரிக் வண்டிகள். ஓரமாக நின்ற ஒன்றின் ஹேண்டில்பாரைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு, காதைச் சீட்டுக்குக் கிட்டே கொண்டுபோனேன். விற்பனைக்கு நின்ற பெண், "லோபல ஏமீ லேது சார்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை சார் என்று அர்த்தம். என்னோடு வந்திருந்த தம்பி மகள் வெட்கப்பட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

எந்த வண்டியைப் பார்த்தாலும் குலுக்கிப் பார்ப்பது எனக்கு இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம். சொந்த வண்டி, பக்கத்து வீட்டு வண்டி, கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற யாருடையதோ வண்டி, எதுவானாலும் சரி. டேங்கில் பெட்ரோல் தளும்புகிற சத்தம் கேட்டால்தான் மூச்சு சீராகும். இதற்காக ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்கும் ஒரு சிரிப்பு எதற்கு?

தம்பி மகளுக்கு வண்டி அவசியம். சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் ஊர் நாகலாபுரத்துக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வந்தவரை கவலையில்லை. ஏறுகிற ஆள் குறைவு என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெட்ரோல் வண்டி வாங்கிக்கொள் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள்.

"என்ஜின் வண்டி நம்ம வூட்டுக்கு ஆவாது பெரிப்பா. நைனாவ பாதி வழியில வுட்டுச்சே, அது போதும்."

அவள் நைனா என் தம்பி. அவன் செத்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. பாம்பு கடித்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஸ்பார்க் பிளக் போய் வண்டி நின்றுவிட்டது, நேரமாகிவிட்டது. இதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரிந்ததும் இதுதான். சொன்னவன் நான். பாம்பு கடித்தது நிஜம். பிளக் போகவில்லை.

ஆக, என் பொய்யை நம்பித்தான் அந்தப் பெண் வண்டி தேட ஆரம்பித்தாள். சித்தூரில் ஒரு கடை, புத்தூரில் ஒன்று, திருப்பதியில் மூன்று. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. வண்டிக்கு ஒரு பக்கம். பேட்டரி எத்தனை வருஷம், வாரண்டியில் எதெல்லாம் சேரும், சர்வீஸ் எங்கே, ஓடையில் முழங்காலளவு தண்ணீர் போனால் மோட்டார் தாங்குமா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, "நடுவழியில் நிற்குமா?" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நான் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவேன்.

கடைக்காரர்கள் சொல்வதில் பாதி எனக்கு எரிச்சல்தான். வண்டி பின்பக்கமாகப் போகுமாம், போனோடு பேசுமாம், வேற்று ஆள் தொட்டால் கத்துமாம். வண்டி எதற்கு போனோடு பேச வேண்டும், நாம் பேசுவது போதாதா? கம்பெனிக்காரன் நூறு கிலோமீட்டர் என்றால் ரோட்டில் எழுபதுதான், பின்னால் ஆள் ஏறினால் அதுவும் இல்லை. இதை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வடமாலபேட்டையில் ஒரு வாத்தியார் நோட்டில் இருந்த வண்டிகளில் ஒன்றை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்கே போனோம். பாவம், காபி கொடுத்து உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார். முழு சார்ஜ் இருந்தும் ஒரு நாள் காலை டிஸ்ப்ளே இருண்டு வண்டி கிளம்பவில்லையாம். ஒரு சின்ன சாமானுக்காகத் திருப்பதியில் பதினைந்து நாள் கிடந்ததாம். மற்றபடி தங்கமான வண்டி என்றார். அவள் அங்கேயே அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். தங்கமோ தகரமோ, ஒரு தடவை நின்றால் அது அவள் கணக்கில் இல்லை.

நான் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டேன். சார்ஜ் சுத்தமாக இறங்கின பிறகு எவ்வளவு தூரம் போகும், ரிசர்வ் உண்டா? அந்தத் திருப்பதிப் பெண் மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டாள், ஜீரோ வரைக்கும் ஏன் சார் விடுவீர்கள் என்று. அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

குவைத்திலிருந்து தம்பி மனைவி வாரம் தவறாமல் போன் செய்வாள். தம்பி செத்த மூன்றாம் வருஷம், பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அவன் வேலை பார்த்த அதே ஊருக்கு வீட்டு வேலைக்குப் போனவள். வண்டி விஷயம் தெரிந்ததிலிருந்து அவளுக்கும் அதே பேச்சு. "எவ்ளோ ஆனாலும் பரவால்ல மாமா. நிக்காத வண்டியா பாத்து வாங்கு." சரிம்மா, சரிம்மா என்று போனை வைப்பேன். அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் எல்லையோரத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆந்திராப் பக்கம் பெட்ரோல் விலை கூட. எல்லையைத் தாண்டி ஊத்துக்கோட்டையில் போட்டால் குறைச்சல். அதனால் எங்களில் எவனும் பிச்சாட்டூர் பங்கில் டேங்கை நிரப்ப மாட்டான். அந்தப் பக்கம் போகிற வேலை வரும்வரை ரிசர்வில் போட்டுச் சமாளிப்பான். இங்கேயே நிரப்பினவனைப் பார்த்து, ஏமாளி என்று சிரிப்போம். மிச்சம் என்று பார்த்தால் ஒரு டீக் காசு. ஆனாலும் அதில் ஒரு கெத்து.

அந்த வண்டி தம்பி குவைத்திலிருந்து அனுப்பின பணத்தில் வாங்கியது. காலம் காலமாக அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போன எங்கள் தெருவில், சொந்த வண்டி என்று வந்து நின்ற முதல் வண்டி. அவன் லீவில் வந்திருந்தான். பாம்பு கடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் பிச்சாட்டூரிலிருந்து இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். வண்டி ரிசர்வுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பங்கு வந்ததும் பின்னாலிருந்து, கொஞ்சம் போட்டுக்கலாமா என்று கேட்டான். நான் வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"நாளான்னிக்கு ஊத்துக்கோட்ட போறமில்ல. அங்க கம்மியா கெடைக்கிது, இங்க எதுக்குடா தண்டம்?"

மறுநாள் முன்பகலில் வேர்க்கடலைக் கொல்லையில் அவன் கணுக்காலில் கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஊருக்குள் வருகிற காலம் இல்லை அது, கையில் போனும் இல்லை. துண்டால் அவனை என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக் கரையைத் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமி நின்றது. இறங்கிச் சாய்த்தேன். குலுக்கினேன். ஒரு சொட்டுச் சத்தம் வரவில்லை. அவனைச் சீட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தேன். அவனுக்கு அதற்குள் கண் செருகிக்கொண்டு வந்தது. "பிளக்காண்ணா?" என்று கேட்டான்.

"ஆமாண்டா, பிளக்குதான்" என்றேன்.

சாகக் கிடக்கிற தம்பியிடம் என் கெத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். சீ! அந்தப் பொய்யை நான் முதலில் சொன்னது ஊருக்கு அல்ல, அவனுக்கு. அதற்கப்புறம் அவன் பேசவில்லை. கால் ஒன்று தொங்கிப்போய்ச் செருப்பு தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்தது. சர், சர் என்று ஒரு சத்தம். ஊர் முனையில் ஒரு பால் வேன்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பிரயோஜனம் இல்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது நான் நழுவிப் போய், அதே பங்கில் ஒரு பாட்டிலில் அரை லிட்டர் வாங்கி ஊற்றி வண்டியை எடுத்து வந்தேன். பிளக்கைத் துடைத்தேன், கிளம்பிவிட்டது என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

புத்தூர் கடையில் ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி கொடுத்தார்கள். அவள் ஓட்ட, நான் பின்னால். பிச்சாட்டூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். வண்டியில் சத்தமே இல்லை. காற்றுதான் காதில் பட்டது. அப்போதுதான் அது கேட்டது, தார் ரோட்டில் செருப்புத் தேய்கிற சத்தம். இத்தனை வருஷமாக அது கேட்காமல் என்ஜின்கள்தான் மூடி வைத்திருந்தன போலிருக்கிறது. நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பின் சக்கரத்தைப் பார்த்தேன், மட்கார்டைத் தட்டிப் பார்த்தேன், என் இரண்டு செருப்பையும் பார்த்தேன். எதுவும் இல்லை. அவள் நோட்டை எடுத்து, "சத்தம் எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டாள்.

கடைக்கு எதிரில் டீ குடிக்க உட்கார்ந்தோம். அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த வண்டிதான், ஆனால் சின்ன பேட்டரி வைத்தது. கம்பெனிக்குப் போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. சின்ன பேட்டரி அறுபதைத் தாண்டிக் கொஞ்சம் வரும். கம்பெனி ஷெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தால் வீட்டில் பாதி இருக்கும், காலையில் அந்தப் பாதியில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"வூட்ல சார்ஜே போட வேணாம் பெரிப்பா. அங்க சும்மா கெடைக்கிது, இங்க எதுக்குத் தண்டம்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். குரல்கூட என் தம்பி சாயல்தான் அவளுக்கு, வார்த்தை மட்டும் என்னுடையது. நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் அது தானாகவே வந்துவிடுகிறது. வண்டி மாறினால் என்ன, பெட்ரோல் போய் கரண்ட் வந்தால் என்ன? அவள் அம்மா வந்து இருக்கும்போது, பிள்ளை குட்டி ஆனபிறகு, ஒரு நாள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகும். வாசலில் இந்த வண்டி பாதியோடு நிற்கும்.

சொல்லிவிட்டேன். ரிசர்விலிருந்து பாட்டில் பெட்ரோல் வரைக்கும் எதையும் விடாமல் சொன்னேன். பிளக்கா என்று அவன் கேட்டதையும் சொன்னேன். முடித்ததும் அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். டீக்குக் காசு கொடுத்தாள். பஸ்ஸில் எனக்கு நாலு சீட் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் எனக்குத் தண்ணீர் வைப்பாள், சோறு போடுவாள், பெரிப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. குவைத் போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மாவிடம் சொன்னாளா என்று கேட்கத் தைரியம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. பெரிய பேட்டரி வைத்தது. கொண்டுவந்து நிறுத்தியதுமே, எண்பத்தெட்டு பர்சன்ட் இருந்தும், ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து சார்ஜில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வா. எந்த எடத்துல நின்னுச்சின்னு காட்டு."

ஏரிக் கரை தாண்டி ஒரு புளியமரம் இருக்கிறது, அங்கே காட்டினேன். அவள் வண்டியை ஆஃப் செய்து சாவியை எடுத்துப் பைக்குள் போட்டாள். இறங்கினாள். நானும் இறங்கப் போனேன். "நீ குந்து" என்றாள். முன் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். ஒரு கையை என் முதுகில் கொடுத்து, இன்னொரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள்.

அந்த வண்டி சும்மாவே கனம். நான் வேறு. பத்தடி போவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. வேண்டாம்மா என்றேன், காதில் வாங்கவில்லை. என் தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் கடைசியாகப் பார்த்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். என் காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, தூக்கிப் பிடித்துக்கொண்டேன். போய்க்கொண்டிருந்த ஒருத்தர் பைக்கை நிறுத்தி, சார்ஜ் அயிபோயிந்தா, தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நடுவில் இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும், "இன்னும் தூரம் இருக்குதா?" என்று கேட்டாள். இருக்குது என்றேன்.

பால் வேன் நின்ற இடம் வந்ததும் சொன்னேன். ஸ்டாண்ட் போட்டுவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"இவ்ளோ தூரமா தள்ளிகினு வந்த பெரிப்பா?" என்றாள்.

மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. போனை எடுத்தாள், அம்மாவுக்குப் போட்டாள், மணி அடிக்கும்போதே என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் உடனே எடுத்தாள். "மாமா? வண்டி வந்துட்ச்சாமே. நல்லா ஓடுதா? நிக்காத வண்டிதான?"

"அன்னிக்கு பிளக் போவலம்மா" என்றேன்.