இரண்டு பேர் அவுட் என்றால் ஓடலாம்

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவுக்கென்று சொந்தமாக ஒரு பேஸ்போல் அணி அப்போது வந்திருக்கவில்லை. ஆனாலும் ஒக்டோபரில் பிளேஓஃப் எனும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் முதற்சுற்று தொடங்கினால், எங்கள் காப்புறுதி அலுவலகத்து ஆண்கள் கூட்ட அறைக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்துவிடுவார்கள். நான் அங்கே தட்டெழுத்தாளர். அவர்களுக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

எனக்கு அந்த விளையாட்டு நன்றாகவே தெரியும். கலியாணமாகி வந்த முதல் கோடையில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினேழாவது மாடியில் பகலெல்லாம் தனியே இருந்தேன். ஆங்கிலம் காதில் படியட்டும் என்று வானொலியைப் போட்டால் பேஸ்போல் வர்ணனைதான் வரும். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள்; என்னால் பின்தொடர முடிந்தது. விளங்காததை அறிய நூலகத்தில் விதிப்புத்தகம் எடுத்துப் படித்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த சுருக்கெழுத்தில் ஆட்டங்களைப் பந்து பந்தாகக் குறித்து வைத்தேன்.

அன்று அந்தச் சுற்றின் ஐந்தாவது, கடைசி ஆட்டம். தோற்கிற அணி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நான் கோப்பித் தட்டுடன் உள்ளே போனபோது இரண்டு பேர் அவுட். முதல் தளத்தில் ஓட்டக்காரன் ஒருவன் நின்றான். மட்டைக்காரன் மூன்றாவது முறையும் மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டான். பின்னால் குந்தியிருந்து பிடிப்பவனின் கையுறையிலிருந்தும் அது நழுவி உருண்டது. மூன்று முறை தவறவிட்டால் அவுட்; ஆனால் அந்தப் பந்து பிடிபடாவிட்டால் ஓடித் தப்பப் பார்க்கலாம். மட்டைக்காரன் முதல் தளத்தை நோக்கி ஓடினான்.

"முதல் தளத்தில் ஆள் நிற்கும்போது ஓடக்கூடாது. அவன் அவுட்!" என்று கத்தினார் மேலாளர்.

"இரண்டு பேர் அவுட் என்றால் ஓடலாம்," என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை. மேலாளர் கோப்பிக்காகக் கையை மட்டும் நீட்டினார். என் பக்கத்தில் நின்ற இளம் விற்பனையாளன் நான் சொன்னதையே சொல்லுக்குச் சொல் உரத்துச் சொன்னான். வர்ணனையாளரும் அதையே சொல்ல, மேலாளர் அவன் தோளில் தட்டினார். "இவனுக்கல்லவா ஆட்டம் தெரியும்!"

அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மற்றவர்களை மன்னித்திருப்பேன். அந்தக் கண்ணடிப்பைத்தான் தாங்கமுடியவில்லை. தட்டை மேசையில் போட்ட வேகத்தில் கோப்பி சிந்திக் கடதாசிகளில் ஓடியது.

"அதைச் சொன்னது நான். நான் சொன்னதைக் கேட்டுத்தான் இவன் சொன்னான்."

"வெறும் விளையாட்டுத்தானே," என்று சிரித்தார் மேலாளர். சற்று முன்வரை நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"ஆர் சொன்னால் என்ன? உது அவங்கடை விளையாட்டு. உமக்கேன் உந்தக் கோவம்? நாளைக்குப் போய் மன்னிப்புக் கேளும்."

"ஓம், கேக்கிறன். நீங்கள் வந்து அவங்களுக்குக் கோப்பி குடுங்கோ, நான் மன்னிப்புக் கேக்கிறன்."

அன்று எனக்குச் சமைக்க மனம் வரவில்லை. அவர் பாணும் சம்பலும் சாப்பிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் விற்பனையாளன் என் மேசைக்கு வந்து, பகிடிக்குத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னான். நான் தலை நிமிராமல் தட்டச்சு செய்தேன். அதன்பின் ஒருவரும் என்னிடம் கோப்பி கேட்கவில்லை. அந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்திருந்த போர்த்துக்கீசப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர்களுக்கும் கை இருக்கிறது," என்றேன் அவளிடம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.